கடல்பாசியும் பல்லை அரிக்கும் கிருமியும்



இராசபாளையத்துக்கு மேற்கே அய்யனார் கோவில் அருவி விழும் மலையடிவாரம் கடலுக்கு வெகு தொலைவு. ஆயினும் ரமளான் பிறந்துவிட்டால் நம் வட்டாரத்து முஸ்லிம் வீடுகளுக்குக் கடல் வந்து சேர்ந்துவிடுகிறது. பாலும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சி, தட்டில் ஊற்றி, வில்லைகளாக வெட்டி இஃப்தாருக்கு வைக்கும் கடல்பாசியைத்தான் சொல்கிறோம். விலங்கின் தோலிலும் எலும்பிலும் எடுக்கப்படும் ஜெலட்டின் ஹலாலா ஹராமா என்று கேட்பவர்கள்கூட இதை ஐயமின்றி உண்பார்கள். பல் ஏன் சொத்தையாகிறது என்பதை மனிதன் அறிந்துகொண்ட வரலாற்றில் இந்தப் பாசிக்கு ஓர் இடம் உண்டு.

ஹாலந்து நாட்டு லீவன்ஹூக் 1683-இல் தம் பற்களின் இடுக்கில் படிந்திருந்த வெண்ணிறப் படிவைச் சுரண்டி, தாமே செய்த நுண்ணோக்கியில் பார்த்தார். நாள்தோறும் உப்பால் பல் துலக்கியவர் அவர். அந்த வாயிலும் சிற்றுயிர்கள் துள்ளித் திரிந்தன. ஆனால் கண்டது வேறு, தனித்தனியே பிரித்து அறிவது வேறு. கிருமிகளைப் பிரித்து வளர்க்க உறுதியான தளம் தேவைப்பட்டது. பெர்லினில் ராபர்ட் கோஹ் பயன்படுத்திய ஜெலட்டின் கோடை வெப்பத்தில் உருகிற்று. சில கிருமிகளோ அதையே கரைத்துத் தின்றன. 1881-இல் வழி சொன்னவர், அவரிடம் பணியாற்றிய வால்தர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபன்னி. ஜாவாவில் வாழ்ந்தவர்கள் வழியாக அறிந்து, தம் சமையலறையில் பழக்கூழ் உறைய வைக்க அவர் பயன்படுத்திய அகர், அதாவது நம் கடல்பாசி, ஆய்வுக்கூடத்துக்குச் சென்றது. மறு ஆண்டு காசநோய்க் கிருமியைப் பற்றி கோஹ் எழுதிய கட்டுரையில் அகர் இடம்பெற்றது. ஃபன்னியின் பெயர் இடம்பெறவில்லை.

அதே பெர்லினில் அமெரிக்கப் பல் மருத்துவர் மில்லர், வாயில் தங்கும் மாவையும் சர்க்கரையையும் கிருமிகள் அமிலமாக்குகின்றன, அந்த அமிலமே பல்லைக் கரைக்கிறது என்று 1890-இல் நூலாக எழுதினார். 1924-இல் லண்டனில் கிளார்க் என்பவர் சொத்தைப் பல்லிலிருந்து ஒரு கிருமியைப் பிரித்து, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் எனப் பெயரிட்டார். அக்கிருமி சர்க்கரையிலிருந்து பசை போன்ற ஒன்றைச் செய்து, அதைக்கொண்டு பல்லோடு ஒட்டிக்கொள்கிறது. அந்தப் படலத்துக்குள் இருந்தபடி அமிலத்தைச் சுரக்கிறது.

பற்களின் அச்செடுக்கவும் அகரைப் பல் மருத்துவர்கள் பயன்படுத்தினர். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய அகர் வரத்து நின்றபோது, பழுப்புப் பாசியில் கிடைக்கும் ஆல்ஜினேட் அவ்விடத்தைப் பிடித்தது. இன்றும் செயற்கைப் பல் கட்டுமுன் நாம் கடித்துப் பதிக்கும் மாவு அதுதான். மன்னார் வளைகுடாப் பாசிகளிலிருந்து அகர் எடுக்கும் ஆலைகள் 1960-களில் மதுரைப் பக்கம் தோன்றலாயின.

இப்போது அதே பாசியைக் கிருமிக்கு எதிராகவே திருப்பப் பார்க்கிறார்கள். வெள்ளி நைட்ரேட் கரைசலில் பாசிச் சாற்றைக் கலந்தால், சாற்றிலுள்ள பொருட்கள் வெள்ளியை நுண்துகள்களாக்கி, அவை ஒன்றோடொன்று சேராமல் போர்த்தியும் வைக்கின்றன, கரைசல் பழுப்பாகிறது. மீட்டரை நூறு கோடியாகப் பகுத்தால் கிடைப்பது ஒரு நானோமீட்டர். இத்துகள்கள் நூறு நானோமீட்டருக்கும் சிறியவை. அவற்றிலிருந்து கசியும் வெள்ளி, கிருமியின் உறையைச் சிதைக்கிறது. தமிழகத்து ஆய்வகங்கள் பலவற்றில் இவ்வேலை நடக்கிறது. கிருமிப் படலங்களைப் பற்றிய ஆய்வு காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்திலும் நெடுநாளாக நடந்துவருகிறது. சோதனைத் தட்டில் கிருமி வளர்வதும் அகர் மீதுதான் என்பது வேடிக்கை. எனினும் தட்டு வேறு, வாய் வேறு. வாயில் நன்மை செய்யும் கிருமிகளும் உண்டு. வெள்ளி நம் உயிரணுக்களையும் தாக்கக்கூடியது. ஆகவே ‘நானோ’ என்று அச்சிட்ட பற்பசையைக் கண்டதும் கடையில் பாய வேண்டியதில்லை.

மிஸ்வாக் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சமுதாயத்துக்குச் சிரமமாகிவிடும் என்ற எண்ணம் இல்லாதிருந்தால் ஒவ்வொரு தொழுகையின்போதும் பல் துலக்கும்படி கட்டளையிட்டிருப்பார்கள் நபி (ஸல்) அவர்கள் என்பது புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி. இதைக் காட்டி, நுண்கிருமியை அன்றே சொல்லிவிட்டதாகச் சிலர் பேசுகிறார்கள். இந்தப் பேச்சு நமக்கு உடன்பாடன்று. ஹதீஸ் சொல்வது தூய்மையை. நாளை ஆய்வு மாறினாலும் சுன்னத் மாறாது. நோன்பாளி நண்பகலுக்குப் பின் மிஸ்வாக் செய்வது ஷாஃபிஈ மத்ஹபில் விரும்பத்தகாதது, ஹனஃபியில் தடையில்லை. இந்தச் சட்டப் பேச்சில் காட்டும் அக்கறையில் பாதியையேனும், இஃப்தாரில் நாம் அள்ளிப் போடும் சர்க்கரையின் மீது காட்டலாம். உகாய்க் குச்சி கிடைக்காவிட்டால் நம் மலையடிவாரத்து வேப்பங்குச்சியும் ஆலங்குச்சியும் போதும்.

பாசிக்குப் பின்னால் கைகள் இருக்கின்றன. பாம்பன், சின்னப்பாலம் பகுதிப் பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கிப் பாறைகளுக்கிடையே மூழ்கி, மரிக்கொழுந்துப் பாசியையும் கட்டைக்கோரையையும் பறிக்கிறார்கள். 1986-இல் மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்காவாக்கப்பட்டதால், அவர்கள் தலைமுறைகளாகச் சென்ற இடங்களே தடைப்பகுதியாயின. பாசி அழிந்துவிடக் கூடாதென்று, மாதத்தில் 12 நாட்கள் மட்டுமே கடலில் இறங்குவது என்று தமக்குள் கட்டுப்பாடு வகுத்துக்கொண்டவர்களும் அப்பெண்களே. நானோ மருந்து சந்தைக்கு வந்து பாசிக்கு விலை ஏறினால், அதில் அவர்களுக்குச் சேரும் பங்கு என்ன என்பதையும் ஆய்வாளர்களிடம் நாம் கேட்க வேண்டியிருக்கிறது.