கணப்பு வரியும் கணப்பு மானியமும்

ஒரு சர்க்கார் தன் பிரஜைகளின் வீட்டு நெருப்பைக் கணக்கெடுப்பதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம்: அந்த நெருப்பைக் காட்டித் தனக்கு வருமானம் தேடிக்கொள்வது ஒன்று, அந்த நெருப்பு அணைந்துபோகாமல் பார்த்துக்கொள்வது மற்றொன்று. முதற்காரணத்துக்காக 1662-ஆம் ஆண்டில் இங்கிலாந்து தேசத்தார் வீடுவீடாகப் புகுந்து கணப்புகளை எண்ணினார்கள். இரண்டாவது காரணத்துக்காக, முந்நூறு ஆண்டுகள் கழிந்தபின், அமெரிக்க ஐக்கிய நாட்டின் மிச்சிகன் மாநிலத்தார் வருமான வரிப் படிவத்தோடு இன்னொரு படிவத்தையும் அச்சிட்டு ஜனங்களுக்கு வழங்கத் தொடங்கினார்கள். நோக்கத்தில் இவ்விரண்டும் நேர் விரோதமானவை என்றாலும், இரண்டின் நடுவிலும் நிற்கிற கேள்வி ஒன்றே: ஏழை யார், அவன் ஏழை என்பதற்குக் காகிதத்தில் அத்தாட்சி எப்படிக் காட்டுவது?

கணப்பு வரியின் கதை அரசனுடைய கடன் தொல்லையில் பிறந்தது. 1660-இல் சிம்மாசனம் ஏறிய இரண்டாம் சார்லஸ் மன்னனுக்கு ஆண்டொன்றுக்கு 12 லட்சம் பவுன் வருமானம் வேண்டும் என்று பார்லிமெண்ட் நிர்ணயித்தது. ஆனால் ஒதுக்கிய இனங்களிலிருந்து அத்தொகை வந்து சேரவில்லை. குறையை நிரப்புவதற்கு வழி தேடியவர்கள், செல்வனுடைய மாளிகையில் கணப்புகள் பலவாகவும் ஏழையின் குடிசையில் ஒன்றாகவும் இருப்பதைக் கண்டு, கணப்பின் எண்ணிக்கையே செல்வத்தின் அளவுகோல் என்று முடிவுசெய்து, ஒவ்வொரு கணப்புக்கும் ஆண்டுக்கு இரண்டு ஷில்லிங் என வரி விதித்தார்கள். மார்ச் 25-இல் வரும் மாதா திருநாளிலும் செப்டம்பர் 29-இல் வரும் மிக்கேல் திருநாளிலுமாக, தவணைக்கு ஒரு ஷில்லிங் வீதம் அதைச் செலுத்தவேண்டும். மன்னனுக்கும் அவன் வாரிசுகளுக்கும் என்றென்றைக்கும் உரியதாக அந்த வரி அளிக்கப்பட்டது.

யோசனை கெட்டதன்று. ஆனால் கணப்பு என்பது வீட்டுக்குள் இருப்பது. அதை எண்ணவேண்டுமானால் வீட்டுக்குள் நுழைந்தாகவேண்டும். அந்நிய மனிதன் ஒருவன் வாசற்கதவைத் தட்டி, அறை அறையாக நடந்து, புகைபோக்கிகளை எண்ணி, வரி கொடாதவர்களின் பாத்திரம் பண்டங்களை ஜப்தி செய்துகொண்டு போவதை அத்தேசத்து ஜனங்கள் மிகவும் வெறுத்தார்கள். முதலில் ஊர்க் காவலர்களைக் கொண்டு வசூலித்துப் பார்த்தும், பிறகு புகைபோக்கிக்காரர் என்று ஜனங்கள் பெயரிட்ட தனி உத்தியோகஸ்தர்களை நியமித்தும், இடையிடையே குத்தகைக்கு விட்டும், சர்க்கார் எந்த வழியிலும் நல்ல பெயர் எடுக்கவில்லை. கணப்பைச் செங்கல் வைத்து அடைத்து மறைத்தவர்கள் உண்டு. 1684-இல் ஆக்ஸ்போர்டு ஜில்லாவிலுள்ள சர்ச்சில் என்ற கிராமத்தில், ரொட்டி சுடுபவர் ஒருவர் வரிக்குப் பயந்து தனிப் புகைபோக்கி வைக்காமல், சுவரைத் துளைத்துப் பக்கத்து வீட்டுப் புகைபோக்கியோடு தம் அடுப்பை இணைத்துவிட, அதிலிருந்து பற்றிய தீ ஊரையே அழித்தது என்று சொல்வார்கள். லண்டன் மாநகரை 1666-இல் எரித்த பெருந்தீ தொடங்கிய ரொட்டிக் கிடங்கின் சொந்தக்காரரான தாமஸ் ஃபாரினரின் பெயரும் அவ்வாண்டு வரிக் கணக்கில், ஐந்து கணப்பும் ஓர் அடுப்பும் உடையவர் என்று பதிவாகியிருக்கிறது. வரியாக அது செய்த நன்மை எதுவாயினும், இன்று சரித்திரக்காரர்களுக்கு அந்தக் கணக்கேடுகள் பெரும் பொக்கிஷம்.

நாம் இங்கே கவனிக்கவேண்டியது வரி கொடுத்தவர்களை விட, வரியிலிருந்து விலக்குப் பெற்றவர்களைத்தான். வறுமையினால் கோவில் வரியும் ஏழைகளைப் பராமரிப்பதற்கான வரியும் கட்டாதவர்களுக்கு விலக்கு உண்டு. வீட்டின் ஆண்டு மதிப்பு இருபது ஷில்லிங்குக்கு மேற்படாமலும், கைப்பொருள் பத்துப் பவுனுக்கு மேற்படாமலும் இருந்தவர்கள், ஊர்ப் பாதிரியாரும், கோவில் தர்மகர்த்தா அல்லது ஏழைகள் மேற்பார்வையாளர் ஒருவரும் கையொப்பமிட்ட அத்தாட்சிப் பத்திரத்தை வாங்கி, அதை இரண்டு மாஜிஸ்திரேட்டுகள் ஒப்புக்கொள்ளும்படி செய்தால், வரியிலிருந்து தப்பலாம். 1664-இல் சட்டத்தைத் திருத்தியபோது, இரண்டுக்கு மேல் கணப்பு வைத்திருப்பவன் எவ்வளவு தரித்திரனாக இருந்தாலும் ஏழையல்லன் என்று ஒரு வரம்பும் கட்டினார்கள். பெரிய வீட்டில் வாழ்ந்து கெட்டவர்களை அந்த வரம்பு என்ன பாடு படுத்தியிருக்கும் என்பதை நாமே ஊகித்துக்கொள்ளலாம். ஆகவே ஏழ்மை என்பது ஊரறிந்த விஷயமாக இருந்தாலும் போதாது. ஊர்ப் பெரியவர்கள் அதை எழுதிக் கொடுக்கவேண்டும். பாதிரியாரோடு மனஸ்தாபம் உள்ள ஒரு விதவை அந்தக் கையொப்பத்துக்கு எத்தனை முறை நடந்திருப்பாளோ, அதை எந்த ஏடும் குறித்து வைக்கவில்லை.

1689-இல், வில்லியமும் மேரியும் பட்டத்துக்கு வந்தவுடன், ஜனங்களின் அபிமானத்தைப் பெற வேண்டி இந்த வரியை ரத்து செய்தார்கள். என்றென்றைக்கும் என்று கொடுத்தது இருபத்தேழு ஆண்டுகளே நின்றது.

வரி போயிற்று என்றாலும் குளிர் போகவில்லை. ஏழைகளின் விறகுக்கு இங்கிலாந்தில் பழைய ஏற்பாடுகள் வேறு இருந்தன: 1217-இல் மறுபடி வெளியிட்ட, மாக்னா கார்ட்டா எனப்படும் மகாசாசனத்திலேயே, கணவனை இழந்தவள் ஊர்ப் பொது நிலத்திலிருந்து தன் தேவைக்கான பொருள்களை நியாயமான அளவில் எடுத்துக்கொள்ளலாம் என்ற உரிமை சேர்க்கப்பட்டிருந்தது, பிற்காலத்தில் பொது நிலங்கள் வேலியடைபட்ட பின்னர், தர்மசீலர்கள் எழுதிவைத்த சொத்துக்களின் வருமானத்தைக் கொண்டு மழைக்கும் பனிக்கும் முன்னே ஏழைகளுக்கு நிலக்கரி வழங்கும் வழக்கம் பல ஊர்களில் இருந்தது. உரிமையாக எடுத்தது தானமாகப் பெறுவதாக மாறிய அந்த மாற்றமே ஒரு தனிக் கட்டுரைக்குரியது. இங்கே அதைத் தாண்டி அட்லாண்டிக் சமுத்திரத்தையும் தாண்டுவோம்.

மிச்சிகன் மாநிலத்தின் குளிரை நம் தேசத்து மார்கழிப் பனியை வைத்து அளவிட முடியாது. பெரிய ஏரிகளின் மேல் வீசிவரும் காற்று ஈரத்தைச் சுமந்து வந்து கரையெங்கும் பனியாகக் கொட்டும். வடக்கே கீவினா தீபகற்பத்தில் ஒரு பருவத்தில் 200 அங்குலத்துக்கு மேல் பனி விழுவது சர்வசாதாரணம். ஐப்பசி பிறக்குமுன் மூட்டிய நெருப்பைப் பங்குனி கழிந்தும் அணைக்க முடியாத வீடுகள் அங்கே ஏராளம். அம்மாநிலம் ஒரு காலத்தில் வெள்ளைப் பைன் மரக்காடுகளுக்குப் பேர்போனது. காடு வெட்டுபவர்களின் கோடரிக்குத் தப்பிய சுள்ளியே ஏழைக்குப் போதுமாக இருந்தது. பிறகு நிலக்கரி வந்தது. 1936-இல் டெட்ராய்ட் நகருக்குத் தொலைதூரக் குழாய்வழி இயற்கை எரிவாயு வந்தது. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் வீடுதோறும் நிலவறையில் எரிவாயு உலை அமைந்தது. குழாய் எட்டாத கிராமப்புறங்களில் புரொப்பேன் தொட்டி வீட்டின் பின்புறம் உட்கார்ந்தது. சௌகரியம் பெருகிற்று என்பதில் ஐயமில்லை. ஆனால் பொறுக்கிச் சேர்க்கலாம், கடன் கேட்கலாம், அரைக்கூடை வாங்கிச் சமாளிக்கலாம் என்றிருந்த வெப்பம், இப்போது மாதம் தவறாமல் வரும் பில்லாக மாறிவிட்டது. ஏழைக்குச் சர்க்காரின் ஒத்தாசை அவசியமானது அந்த பில்லினால்தான் என்பது என் அபிப்பிராயம்.

பில்லின் உண்மையான முகம் 1973-ஆம் ஆண்டு அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைத் தடுத்தபோது தெரிந்தது. பீப்பாய் ஒன்றுக்கு மூன்று டாலர் அளவில் இருந்த கச்சா எண்ணெய் சில மாதங்களுக்குள் நான்கு மடங்காயிற்று. 1976-77 குளிர்காலத்தில் இயற்கை எரிவாயுவுக்கே தட்டுப்பாடு வந்து பள்ளிக்கூடங்களும் தொழிற்சாலைகளும் மூடப்பட்டன. புதிதாகப் பதவியேற்ற ஜனாதிபதி கார்ட்டர் 1977 பிப்ரவரி 2 அன்று கம்பளிச் சட்டையோடு தொலைக்காட்சியில் தோன்றி, வீட்டு வெப்பநிலையைப் பகலில் 65 பாரன்ஹீட், இரவில் 55 பாரன்ஹீட் என்ற அளவோடு வைத்துக்கொள்ளும்படி ஜனங்களைக் கேட்டுக்கொண்டார். 1978 ஜனவரியில் பெரும் பனிப்புயல் மிச்சிகனை முடக்கியது. 1979-இல் ஈரானியப் புரட்சியினால் எண்ணெய் விலை மறுபடி ஏறிற்று. மோட்டார் வண்டித் தொழிலையே நம்பியிருந்த மிச்சிகனுக்கு இது இரட்டை அடி: பெரிய கார்கள் விலை போகாமல் வேலை போயிற்று, வேலை போனவன் வீட்டில் கணப்புச் செலவு ஏறிற்று.

இந்தச் சூழ்நிலையில், 1967-இல் இயற்றிய தன் வருமான வரிச் சட்டத்திலேயே வீட்டுக் கணப்புக்கான வரிக் கழிவு ஒன்றை மிச்சிகன் சேர்த்துக்கொண்டது. கழிவு என்ற பெயரைக் கண்டு, வரி கட்டுபவனுக்கு மட்டும் உரியது என்று எண்ணிவிடக் கூடாது. ஒரு சதம்கூட வரி கட்டவேண்டாதவனும் மனுச் செய்யலாம், தொகை அவனுக்கு வந்து சேரும். மத்திய சர்க்காரும் சும்மா இருக்கவில்லை: எண்ணெய்க் கம்பெனிகளின் எதிர்பாராத லாபத்தின் மேல் 1980-இல் வரி விதித்த சட்டத்திலேயே ஏழைகளின் எரிபொருள் உதவிக்கும் இடம் வைத்து, 1981-இல் அதனை மாநிலங்களுக்கு மொத்த மானியமாகக் கொடுக்கும் திட்டமாக மாற்றியமைத்தது. பெரும்பாலான மாநிலங்கள் அந்தப் பணத்தை உதவி அலுவலகங்களின் வழியாகவோ தர்ம ஸ்தாபனங்களின் வழியாகவோ விநியோகிக்க, மிச்சிகன் அதில் ஒரு பெரும்பகுதியைத் தன் கஜானா இலாகாவின் வரிப் படிவத்தின் மூலம் விநியோகித்து வருகிறது.

எம்ஐ-1040சிஆர்-7 என்பது அந்தப் படிவத்தின் பெயர். கணக்கு இரண்டு விதம். முதல் முறையில், குடும்பத்தில் எத்தனை பேர் என்பதற்கேற்ப ஒரு தொகையை அட்டவணையில் பார்த்து எடுத்துக்கொண்டு, குடும்பத்தின் மொத்த வரவில் 3.5 சதவீதத்தை அதிலிருந்து கழிக்கவேண்டும். இரண்டாவது முறையில், முந்திய நவம்பர் முதல் அக்டோபர் முடிய கணப்புக்குச் செலவழித்த தொகையிலிருந்து (அதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு) வரவில் 11 சதவீதத்தைக் கழித்து, மீதியில் 70 சதவீதத்தைப் பெறலாம். உதாரணமாக, வரவு 10,000 டாலரும் செலவு 2,000 டாலரும் உச்சவரம்புக்குள் அமைந்தால், 1,100 போக மீதி 900-க்கு 630 டாலர் கிடைக்கும். இரண்டில் எது அதிகமோ அதை எடுத்துக்கொள்ளலாம். சம்பளம் இல்லாத விதவைக்கும் இது பொருந்துகிறது. ஆனால் வரவு என்ற தலைப்பின் கீழ் ஓய்வூதியமும், பிறர் அவளுக்குக் கொடுத்த ரொக்கமும், அவளுக்காகப் பிறர் செலுத்திய செலவும், முதல் 300 டாலர் நீங்கலாக, சேர்த்துக்கொள்ளப்படுகின்றன. மகன் அனுப்பிய பணத்தை எண்ணுகிற அந்த வரிசையைப் படிக்கும்போது, பத்துப் பவுன் பெறுமான பாத்திரங்களை எண்ணிய பழைய மேற்பார்வையாளர் நினைவு வராமற் போகாது.

வித்தியாசம் என்னவென்றால், இங்கே பாதிரியாருடைய கையொப்பம் வேண்டாம். மனுதாரர் தம் வறுமையைத் தாமே எழுதிக் கையொப்பமிட்டால் போதும். அண்டை வீட்டாருக்குத் தெரியவேண்டிய அவசியமும் இல்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே இந்த ஏற்பாட்டை நான் மேலானதாக மதிக்கிறேன். பாதிரியாருடைய கையொப்பத்துக்குப் பதிலாக எழுத்தறிவும் கணக்கறிவும் பொறுமையும் வேண்டியிருக்கின்றன. வருமான வரிக்கு வேறெந்த விதத்திலும் கடமைப்படாத முதியவர்கள் இந்த ஒரு படிவத்துக்காக, அதை நிரப்பிக் கொடுக்க முன்வரும் தொண்டர்களைத் தேடிப் போகிறார்கள். மனுவுக்குக் கடைசி நாள் செப்டம்பர் 30. புகைபோக்கிக்காரர் வரும் மிக்கேல் திருநாளுக்கு மறுநாள். வெறும் தற்செயல் என்றாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

பணம் கைக்கு வருவதிலும் ஒரு சூட்சுமம் வைத்திருக்கிறார்கள். தம் பேரில் கணப்புக் கணக்கு வைத்திருப்பவருக்கு ரொக்கம் வராது. எரிபொருள் கொடுக்கும் கம்பெனியின் பேருக்குச் செல்லும் ஒரு சீட்டு வரும், அல்லது பெரிய எரிவாயுக் கம்பெனியானால் தொகை நேரே அவர் கணக்கில் சேர்ந்துவிடும். கணப்புச் செலவு வாடகையோடு சேர்ந்திருந்தால் முதல் முறைக் கணக்கில் பாதித் தொகைதான், ஆனால் அது காசோலையாக அவர் கையிலேயே வரும். மத்திய சர்க்கார் அந்த ஆண்டுக்கு அனுமதித்த நிதி போதாமற் போனால், எல்லா மனுதாரர்களின் தொகையும் ஒரே விகிதத்தில் குறைக்கப்படும். எவ்வளவு குறையும் என்பது குளிர்காலத்துக்கான பில் வந்து குவிந்த பிறகே தெரியவருகிறது.