சார்வோலையில் பிறந்த பாய்

தொண்டைமானாறு செல்வச்சந்நிதி முருகன் கோயிலிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரையாக நடந்து போகிறவர்கள் ஒன்றரை மாதத்துக்கு மேல் வெளியில்தான் படுத்தெழும்புகிறார்கள். முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, உகந்தை தாண்டிக் குமணக் காடு வரை கோயில் மண்டபமும் மரநிழலும் ஆற்றுமணலுமே படுக்கை. 'என்ன பாய் கொண்டு போகலாம்?' என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் ஒன்றுதான்: பனையோலைப் பாய்.

குளிர்நாட்டுக் கடைகளில் விற்கும் முகாம் பாய், நிலத்துக் குளிர் உடம்பில் ஏறாமல் தடுப்பதற்கென்று செய்தது. வைகாசி வெக்கையில் அதன்மேல் படுத்தால் முதுகு வியர்வையில் ஊறிப்போகும். நமக்கு வேண்டியது காற்றோட்டம். பனையோலைப் பாயில் அது இருக்கிறது. எப்படி வந்தது என்பதை அந்தப் பாய் பிறக்கும் விதம் சொல்லும்.

முற்றிய ஓலை பாய்க்கு ஆகாது. அது வேலிக்கும் கூரைக்கும் போகும், புகையிலைத் தோட்டத்தில் பசளையாகத் தாழ்க்கவும் உதவும். பாய்க்கு வேண்டியது, முழுதாக விரிந்து முற்றாத இளம் ஓலை. அதைச் சார்வோலை என்போம். பனைக்கு உச்சியில் ஒரே ஒரு குருத்துத்தான். கண்டபடி வெட்டினால் மரம் நலிந்துவிடும். ஆகவே ஏறுகிறவர் அளவறிந்துதான் கத்தி வைப்பார். வெட்டிய சார்வை வெயிலில் உலர்த்தினால் பச்சை போய் வெளிறிவரும். பிறகு ஈர்க்கைக் கிழித்தெடுத்து, ஓலையை ஒரே அகலத்தில் வார்ந்துகொள்வார்கள். காய்ந்த ஓலை நடுப்பகலில் முறியும். அதனால் ஈரம் காட்டிப் பதப்படுத்தி, காலையிலோ பொழுதுபட்ட பின்னோ விறாந்தையில் இருந்து இழைப்பார்கள்.

இதற்குத் தறி கிடையாது. பத்தமடைக் கோரைப் பாய்க்குப் பருத்தி நூற்பாவு வேண்டும், பனையோலைப் பாயில் ஒரு நூலும் இல்லை. ஒரு மூலையில் தொடங்கி, ஓலைகளைச் சாய்வாகக் குறுக்கும் மறுக்கும் கோத்துக்கொண்டே போக வேண்டும். ஓலை பாயின் நீளத்துக்கு எட்டாது. முடிகிற இடத்தில் புது ஓலையைச் செருகி, பொருத்துத் தெரியாமல் தொடர்வதில்தான் கைத்திறன் இருக்கிறது. பாய் வளர வளர, இழைக்கிற பெண் இழைத்து முடித்த பகுதியின் மேலேயே நகர்ந்து உட்காருவாள். கடைசியில் விளிம்பை மடித்து உள்ளே செருகுவாள். சாய்வு இழைகளுக்கிடையே காற்றுப் போக வழி கிடைப்பது இந்த முறையால்தான்.

பாய் எங்களுக்கு இடத்தின் அளவாகவும் இருந்திருக்கிறது. போரில் இடம்பெயர்ந்து, 1995 ஒக்டோபர் 30 இரவு யாழ்ப்பாணத்து வலிகாமத்துச் சனம் மழையில் நனைந்தபடி தென்மராட்சிக்கு நடந்தது. பள்ளிக்கூடங்களிலும் கோயில்களிலும் மரங்களுக்குக் கீழும் பல குடும்பங்களுக்குக் கிடைத்த இடம் இரண்டு பாய் விரிக்கும் அளவுதான். அதே போரில் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் இலட்சக்கணக்கான பனைகள் தறிக்கப்பட்டன. ஓலை தந்த மரங்களும் போயின. 1978இல் தொடங்கிய பனை அபிவிருத்திச் சபை இன்றும் இருக்கிறது. ஆனாலும் பிளாஸ்ரிக் பாய் வந்த பிறகு, இழைக்கிற வீடுகள் குறைந்துவிட்டன. இது எனக்கு மனவருத்தம் தருகிற விடயம்.

வாங்கும்போது விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள். கீறினால், ஈர்க்குச் சரியாக எடுபடவில்லை. மூலையை மெல்ல இழுத்துப் பாருங்கள், இழை விலகக் கூடாது. சாயம் போட்ட ஓலை என்றால் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துப் பார்ப்பது நல்லது. மழையில் நனைந்தால் உடனே உலர்த்துங்கள், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். மடிக்காதீர்கள், மடித்த இடத்தில் ஓலை முறியும். சுருட்டிக் கட்டித் தோளில் போடுங்கள்.

முடிந்தால் இழைக்கிற வீட்டுக்கே போய் வாங்குங்கள். விலையைக் குறைத்துக் கேட்காதீர்கள். அது பல நாள் வேலை.