அல்சூரும் அரசுநிதி மழலையர் பராமரிப்பும்

1809இல் ஆங்கிலேயர் அமைத்த பெங்களூர்க் கண்டோன்மென்ட்டை ஒட்டித் தமிழர் செறிந்த குடியிருப்பாக வளர்ந்தது அல்சூர். 1949இல் கண்டோன்மென்ட்டும் நகரமும் ஒரே மாநகராட்சியாயின. இத்தகைய உழைக்கும் மக்கள் வாழும் நகர்ப்பகுதிக்கு மழலையர் பராமரிப்புக்கான அரசு நிதி எவ்வாறு எட்டியது, எங்கே நின்றது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

1945இல் போர்டியில் தாராபாய் மோடக் தொடங்கிய கல்விப்பணியோடு பால்வாடி, அங்கன்வாடி என்னும் பெயர்கள் தொடர்புடையன. முன்னது பாலர் தோட்டம். பின்னது முற்றத்துத் தோட்டம். தமிழ்ச் செவிக்கோ பால்வாடி என்றதும் அருந்தும் பாலே நினைவிற்கு வருகிறது. இம்மயக்கம் அரசு நிதியின் போக்கிற்கும் பொருந்துவது குறிப்பிடத்தக்கது.

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று 33 இடங்களில் தொடங்கப்பட்டது. கருநாடகத்தில் முதலில் தேர்வானது மைசூர் மாவட்டத்துத் தி.நரசிபுரம். நிருவாகச் செலவை நடுவண் அரசும் உணவுச் செலவை மாநில அரசும் ஏற்றன. 2005-06 முதல் உணவுச் செலவில் பாதியை நடுவண் அரசு ஏற்றது. 2017இல் குழந்தை ஒன்றுக்கான நாளொன்றின் உணவுச் செலவு 8 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 2006 டிசம்பர் 13 அன்று உச்சநீதிமன்றம் திட்டத்தை எல்லாக் குடியிருப்புகளுக்கும் விரிவாக்க ஆணையிட்டது. 400 முதல் 800 பேருக்கு ஓர் அங்கன்வாடி என்னும் அளவும் வகுக்கப்பட்டது. இதனால் அல்சூர் போன்ற நகர்ப்பகுதிகளும் மக்கள்தொகை அடிப்படையில் உரிமை பெற்றன.

எனினும், நாடு தழுவிய தொடக்க நெறியில் அங்கன்வாடி நாளொன்றுக்கு ஏறத்தாழ நான்கு மணிநேரமே இயங்கியது. தாய் பணியில் இருக்கும் முழுநேரத்திற்கும் அது ஈடாகவில்லை. 2006இல் தொடங்கிய தேசியக் குழந்தைக் காப்பகத் திட்டம் இக்குறையை நோக்கியது. 2017ஆம் ஆண்டு நெறியின்படி, காப்பகம் ஒன்று நாள்தோறும் ஏழரை மணிநேரம் 25 குழந்தைகளைப் பேண வேண்டும். செலவை நடுவண் அரசு, மாநில அரசு, தொண்டு நிறுவனம் ஆகியன 60:30:10 என்னும் விகிதத்தில் பகிர்ந்தன. 2022இல் இதன் இடத்தைப் 'பால்னா' திட்டம் பெற்றது. 2023இல் கருநாடக அரசு 4,000 ஊராட்சிகளுக்கு அறிவித்த 'கூசின மனே' சிற்றூர்ப்புற வேலைத்திட்டத் தாய்மாருக்கு உரியது. அல்சூர் அதன் எல்லைக்கு அப்பாற்பட்டது.

உணவையும் தலையெண்ணிக்கையையும் கணக்கிட்ட அரசு நிதி, தாயின் பணிநேரத்தை நெடுங்காலம் கணக்கிடவில்லை என்பது இவற்றால் பெறப்படுகிறது. இடம் என்பது குழந்தை அமரும் பாய் மட்டுமன்று. தாய் திரும்பும்வரை அக்குழந்தைக்கு உரிய காப்பும் ஆகும். அந்நேரத்திற்கும் நிதி ஒதுக்கப்படும்போதே பால்வாடி தன் பெயரின் முழுப்பொருளை எய்தும் எனலாம்.