‘99% துல்லியம்’ என்றால் நம்பலாமா? தொழிற்சாலை கேமராக்கள் குறைகளைக் கண்டுபிடிப்பது எப்படி?

சென்னையிலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் சுமார் 55 கி.மீ. போனால் ஸ்ரீசிட்டி. ஷாவ்மியின் ரெட்மி 2 பிரைம் போன் 2015-ல் இங்குள்ள ஃபாக்ஸ்கான் ஆலையில்தான் தயாரானது. அப்போது சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஸ்ரீசிட்டி, 2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. திருப்பதி பக்கம் டிக்சன் நிறுவனம் டிவி தயாரிக்கிறது.

போனோ, டிவியோ, உள்ளே இருப்பது சர்க்யூட் போர்டு. போன் போர்டில் உட்காரும் சில பாகங்கள் வெறும் 0.6 மி.மீ. நீளம், 0.3 மி.மீ. அகலம்தான். ஒரு ஷிஃப்ட் முழுக்க இவற்றைக் கண்ணால் பார்த்துச் சரிபார்ப்பது நடக்கிற காரியமில்லை. அதனால்தான் எலக்ட்ரானிக்ஸ் துறையில் ‘ஏஓஐ’ எனப்படும் தானியங்கி கேமரா பரிசோதனை உலகம் முழுக்க வழக்கமாகிவிட்டது.

எப்படி வேலை செய்கிறது?

முதல் வேலை கேமராவுக்கு இல்லை, வெளிச்சத்துக்கு. சோல்டர் பற்று பளபளவென்று மின்னும். அதன்மேல் சிவப்பு, பச்சை, நீல விளக்குகளை வெவ்வேறு கோணங்களில் அடிப்பார்கள். பற்றின் சரிவு மாறினால் கேமராவில் தெரியும் நிறமும் மாறும். சோல்டர் போதுமா, குறைவா என்பதை இதை வைத்தே கணிக்கலாம்.

பிறகு மென்பொருள், அந்தப் படத்தைச் சரியான போர்டின் மாதிரிப் படத்தோடு ஒப்பிடும். பாகம் இருக்கிறதா? திரும்பி உட்கார்ந்திருக்கிறதா? பக்கத்துப் பற்றோடு ஒட்டிக்கொண்டதா? ஆனால், சிப்புக்கு அடியில் மறைந்திருக்கும் பற்றுகள் கேமராவுக்குத் தெரியாது. அதற்கு எக்ஸ்ரே வேண்டும்.

ஏஐ எதற்கு?

போர்டுகள் அச்சு அசலாக ஒன்றுபோல இருப்பதால் விதி எழுதிவிடலாம். சித்தூரின் மாம்பழக்கூழ் ஆலைகளுக்குப் போகும் தோத்தாபுரியை, அதாவது நம்மூர் கிளிமூக்கு மாம்பழத்தை யோசித்துப் பாருங்கள். இரண்டு பழம் ஒரே மாதிரி இருக்காது. தோலில் இருப்பது வெறும் கறையா, அழுகலா என்று ஒவ்வொன்றுக்கும் விதி எழுதி முடியாது. இப்படிப்பட்ட இடங்களில்தான் படங்களைப் பார்த்துக் கற்கும் ஏஐ உதவும்.

இதிலும் ஒரு சிக்கல். ஒழுங்காக ஓடும் ஆலையில் குறையுள்ள மாதிரிகள் கிடைப்பதே அரிது. அதனால் நல்ல பொருட்களின் படங்களை மட்டும் காட்டி, ‘இதிலிருந்து விலகினால் சொல்’ என்று பழக்குகிறார்கள். இந்த முறைகளைச் சோதிக்கவே 2019-ல் 5,354 படங்களோடு ‘எம்விடெக் ஏடி’ என்ற தரவுத்தொகுப்பு வெளியானது.

சரி, 99% துல்லியம்?

ஒரு கணக்குப் போடலாம். எண்கள் உதாரணத்துக்குத்தான். 10,000 போர்டுகளில் 100 மட்டும் குறையுள்ளவை. எதையுமே பார்க்காமல் எல்லாவற்றுக்கும் ‘ஓகே’ சொல்லும் இயந்திரத்துக்கும் 99% துல்லியம் வந்துவிடும்! ஆனால் 100 குறைகளும் வாடிக்கையாளரிடம் போய்ச் சேரும்.

இப்போது ஒரு நல்ல இயந்திரம். குறையுள்ள 100-ல் 98-ஐப் பிடிக்கிறது. நல்ல போர்டுகளில் 2 சதவீதத்தை மட்டும் தவறாக நிறுத்துகிறது. நல்லவை 9,900, அதில் 2% என்றால் 198. ஆக மொத்தம் நிறுத்தப்பட்டவை 296. அதில் உண்மையான குறை 98 மட்டுமே. அதாவது மூன்று எச்சரிக்கைகளில் இரண்டு பொய்.

விதியைத் தளர்த்தினால் பொய் எச்சரிக்கை குறையும், ஆனால் தப்பிப்போகும் குறை கூடும். இறுக்கினால் தலைகீழ். டிவி ரிமோட்டுக்கும் கார் பிரேக் போர்டுக்கும் ஒரே அளவுகோல் வைக்க முடியாது. இந்த முடிவை எடுக்க வேண்டியது மனிதர்கள்தான்.

மனிதருக்கு என்ன வேலை?

வழக்கமாக, இயந்திரம் நிறுத்திய போர்டை ஆபரேட்டர் ஒருவர் திரையில் பெரிதாக்கிப் பார்த்து முடிவு சொல்வார். மூன்றில் இரண்டு பொய் என்று பழகிவிட்டால், விரல் தானாக ‘ஓகே’ பட்டனுக்குப் போய்விடும். இயந்திரம் சரியாகப் பிடித்த குறையும் அப்படியே வெளியே போகலாம். பழி மட்டும் அவர் மேல் விழும். அதனால் பொய் எச்சரிக்கையைக் குறைப்பது, பார்க்கப் போதிய நேரம் கொடுப்பது, ஆட்களை மாற்றி உட்கார வைப்பது எல்லாமே தரக் கட்டுப்பாட்டில் சேர்த்திதான்.

உங்கள் நிறுவனத்துக்கு இப்படி ஒரு கருவியை விற்க வந்தால், துல்லியம் எவ்வளவு என்று கேட்காதீர்கள். இரண்டு கேள்வி போதும்: குறையுள்ளதில் எத்தனை தப்பிப்போகிறது? நல்லதில் எத்தனை மாட்டிக்கொள்கிறது?