நாற்றத்துக்கு வரிசையில் நின்ற ஜனங்கள்



தோண்டாமல் விட்டுப்போன சேனைக்கிழங்கு, மழை விழுந்ததும் இலைக்கு முன்னால் பூ விடுவதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். கிட்டே போனால் எலி செத்துக் கிடக்கிற மாதிரி நாற்றம். மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்துவிடுவோம். ஆனால் இந்தச் சேனையின் இனத்திலேயே ஒரு பெரியண்ணன் இருக்கிறான். அவன் பூத்தால், நாற்றத்தை மோந்து பார்க்கவே வெளிநாடுகளில் ஜனங்கள் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கிறார்கள்!

சுமத்திரா தீவின் காடுதான் அதன் சொந்த ஊர். டைட்டன் ஆரம் என்பார்கள். உள்ளூர்க்காரர்கள் வைத்த பெயருக்கு அர்த்தமே பிணப்பூ. 1878-இல் பெக்காரி என்ற இத்தாலியத் தாவர இயலார் அதைக் கண்டு, கிழங்கும் விதையுமாக ஐரோப்பாவுக்கு அனுப்பினார். அப்போது பிரான்சில் திராட்சைத் தோட்டங்களை வேர்ப்பேன் அழித்துக்கொண்டிருந்த காலம். செடி, கிழங்கு வரத்துக்குச் சட்டத்தடை இருந்தது. வந்த கிழங்குகள் மார்செய் துறைமுகத்திலேயே முடங்கிக் கெட்டுப்போயின. தடைச்சட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன், அது வேண்டியதுதான். நல்ல வேளை, விதை தப்பியது. அதில் முளைத்த கன்று ஒன்று லண்டன் கியூ தோட்டத்துக்குப் போய், 1889-இல் பூத்தது. பதினோரு வருஷக் காத்திருப்பு!

1926-இல் அங்கே மறுபடி பூத்தபோது, கூட்டத்தை அடக்கப் போலீஸ் வர வேண்டியதாயிற்று. 1937-இல் நியூயார்க்கில் பூத்தது. அங்குள்ள பிராங்க்ஸ் வட்டாரத்தார் 1939-இல் அதைத் தங்கள் வட்டாரப் பூவாகவே அறிவித்து, 2000 வரைக்கும் வைத்திருந்தார்கள். 2025 ஜனவரியில் சிட்னித் தோட்டத்தில் 15 வருஷத்துக்குப் பிறகு பூத்தபோது, சுமார் 20,000 பேர் வந்து பார்த்தார்கள்.

நாற்றம் நமக்காக அல்ல. அழுகல் மாமிசத்தைத் தேடும் ஈக்கும் வண்டுக்கும்தான் அந்த அழைப்பு. பத்தடி வரை உயரும் அந்த நடுத்தண்டு, ராத்திரியில் நம் உடம்புச் சூட்டுக்குக் காய்கிறது. சூட்டில் கந்தகம் கலந்த வாடை எழும்பித் தூரத்துக்குப் போகிறது. மடலின் அடியில் நூற்றுக்கணக்கான சிறு பூக்கள். முதல் ராத்திரி பெண் பூக்கள் தயார். ஆண் பூக்கள் மகரந்தம் உதிர்ப்பதோ மறுநாள். அதற்குள் பெண் பூவின் பருவம் போய்விடும். ஆகவே, அதே சமயத்தில் அக்கம்பக்கத்தில் இன்னொன்று பூத்தால்தான் காய் பிடிக்கும். இரண்டே நாளில் எல்லாம் வாடிவிடும்.

சிக்கல் இங்கேதான். கிழங்கை வெட்டி நட்டால் தாயின் குணம் அப்படியே வரும் என்பது உங்களுக்குத் தெரியாததா? சேனையில் அது நமக்கு லாபம். ஆனால் தோட்டங்களில் இருக்கிற பிணப்பூச் செடிகளில் கால்வாசிக்குக் கிட்டத்தட்ட ஒரே செடியின் நகல்கள், இன்னும் கால்வாசி நெருங்கிய சொந்தத்துக்குள் கலந்து பிறந்தவை என்று 2025-இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. நெருங்கிய சொந்தத்திலேயே கலந்தால் கன்றுகள் சோடையாகும். காட்டிலிருந்து புதுச் செடி கொண்டுவரலாமே என்றால், காடே அழிகிறது. சுமத்திராவில் எண்ணெய்ப் பனைக்காகவும் மரத்துக்காகவும் வெட்டியது போக, மிஞ்சியிருப்பது ஆயிரத்துக்கும் குறைவு என்பது கணக்கு.

அதனால்தான் இப்போதெல்லாம் ஓரிடத்தில் பூத்தால், மகரந்தத்தைச் சேர்த்துக் குளிர்பெட்டியில் வைத்து, வேறு ஊர்த் தோட்டத்துக்குப் பார்சலில் அனுப்புகிறார்கள். அங்கே பூத்த அன்று ராத்திரி, மடலின் அடியில் சிறு ஜன்னல் மாதிரி வெட்டி, கையை உள்ளே விட்டு, தூரிகையால் பெண் பூக்களில் தடவுகிறார்கள். வரிசையில் நிற்கிற ஜனங்களுக்கு இந்த வேலை பெரும்பாலும் கண்ணில் படுவதில்லை. காய் பிடித்தால் சில மாதத்தில் செக்கச்செவேலென்று பழுக்கிறது, அதிலிருந்துதான் அடுத்த தலைமுறை விதை.