கார்பைடு வலுவூட்டிய உயர் என்ட்ரோப்பி கலப்புலோகப் பூச்சு

கார்பைடு வலுவூட்டிய உயர் என்ட்ரோப்பி கலப்புலோகப் பூச்சு என்பது, பல முதன்மைத் தனிமங்களைக் கொண்ட கலப்புலோகத்தினுள் கடினமான கார்பைடுத் துகள்கள் பதிந்துள்ள பாதுகாப்புப் படலம் ஆகும். எக்கிகள், வால்வுகள், துளையிடும் கருவிகள் போன்றவற்றின் மேற்பரப்புத் தேய்மானத்தைக் குறைக்க இவ்வகைப் பூச்சுகள் ஆராயப்படுகின்றன. உலகில் நுகரப்படும் ஆற்றலில் சுமார் 3 விழுக்காடு தேய்ந்த உறுப்புகளை மீண்டும் உருவாக்கச் செலவாகிறது என ஓம்பெர்க்கு, எர்டெமிர் ஆகியோர் 2017 ஆம் ஆண்டில் மதிப்பிட்டனர்.

உயர் என்ட்ரோப்பி கலப்புலோகம்

எஃகில் இரும்பு, பித்தளையில் செம்பு என மரபான கலப்புலோகங்களில் ஒரு தனிமமே முதன்மையானது. 2004 ஆம் ஆண்டில் தைவானில் சியென்-வெய் யே குழுவினரும் பிரித்தானியாவில் பிரையன் கேன்டர் குழுவினரும் தனித்தனியே இதற்கு மாறான கலப்புலோகங்களை விவரித்தனர். யே தந்த வரையறைப்படி, இவற்றில் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தனிமங்கள், ஒவ்வொன்றும் 5 முதல் 35 அணு விழுக்காடு வரை இருக்கும்.

ஐந்து தனிமங்கள் சம அளவில் கலந்தால் கலப்பு என்ட்ரோப்பி வளிம மாறிலியைப் போல் 1.61 மடங்காகும். இது தனிமங்கள் வெவ்வேறு சேர்மங்களாகப் பிரியாமல் ஒரே திண்மக் கரைசலாக இருக்க உதவும். ஆயினும் எல்லாக் கலவைகளிலும் இவ்வாறு நிகழ்வதில்லை.

கோபால்ட், குரோமியம், இரும்பு, மாங்கனீசு, நிக்கல் ஆகியவை சம அளவில் சேர்ந்தது கேன்டர் கலப்புலோகம். இது −196 செல்சியசு வெப்பநிலையிலும் எளிதில் முறியாது. ஆனால் வார்ப்பு நிலையில் இதன் கடினத்தன்மை பொதுவாக 200 விக்கர்சு அளவை எட்டுவதில்லை.

கார்பைடுகளின் பங்கு

1953 ஆம் ஆண்டில் ஆர்ச்சர்டு வெளியிட்ட சமன்பாட்டின்படி, தேய்ந்து நீங்கும் பருமன் சுமைக்கும் சறுக்கிய தொலைவுக்கும் நேர் விகிதத்திலும், கடினத்தன்மைக்கு எதிர் விகிதத்திலும் அமையும். எனவே மென்மையான கலப்புலோகத்துடன் டங்ஸ்டன் கார்பைடு (2,000 விக்கர்சுக்கு மேல்), தைட்டானியம் கார்பைடு (சுமார் 3,000 விக்கர்சு) போன்றவை சேர்க்கப்படுகின்றன. துகள்கள் சுமையைத் தாங்குகின்றன. சூழ்ந்துள்ள கலப்புலோகம் அவற்றைப் பற்றிப் பிடித்து, விரிசல் பரவாமல் தடுக்கிறது.

இக்கருத்து புதியதன்று. 1923 ஆம் ஆண்டிலேயே செருமனியில் கார்ல் சுரோட்டர், இரும்பு வகை உலோகத்தால் பிணைக்கப்பட்ட டங்ஸ்டன் கார்பைடுக்குக் காப்புரிமை கோரினார். இங்குப் பிணைக்கும் உலோகமே மாறியுள்ளது.

உருவாக்கும் முறைகள்

* சீரொளிப் பூச்சு: லேசர் கதிரால் தூளை உருக்கி உறுப்பின் மீது படிய வைத்தல். பிணைப்பு உறுதியாக அமையும். ஆனால் உருகிய கலப்புலோகத்தைவிட அடர்த்தி மிக்க டங்ஸ்டன் கார்பைடு அடியில் தங்கவும், அடர்த்தி குறைந்த தைட்டானியம் கார்பைடு மேலே மிதக்கவும் கூடும்.
* வெப்பத் தெளிப்பு: சூடாக்கிய தூளை மிகு வேகத்தில் மேற்பரப்பில் மோதச் செய்தல்.
* உள்ளுருவாக்கம்: தைட்டானியத்தையும் கார்பனையும் உருகிய குழம்பிலேயே வினைபுரியச் செய்து நுண்ணிய கார்பைடுகளைப் பெறுதல்.

வரம்புகள்

கடினத்தன்மை மட்டும் தேய்மான எதிர்ப்பைத் தீர்மானிப்பதில்லை. கார்பைடின் அளவு மிகும்போது பூச்சு நொறுங்கும் இயல்பைப் பெற்று, குளிரும்போதே விரிசல் காணலாம். பிணைப்பு வலுவற்றதாயின் துகள்கள் பெயர்ந்து இரு பரப்புகளுக்கிடையே அரத்தூள் போலச் செயல்படும். அப்போது கார்பைடே தேய்மானத்தை விரைவுபடுத்துகிறது.

மேலும், கார்பன் கரைந்து குரோமியத்துடன் சேர்ந்து குரோமியம் கார்பைடாகப் படிந்தால், சூழ்ந்துள்ள கலப்புலோகத்தில் குரோமியம் குறைந்து அரிமான எதிர்ப்பு தாழும். கடல்நீரில் இயங்கும் எக்கிகளில் தேய்மானமும் அரிமானமும் ஒன்றையொன்று தூண்டுவதால், உலர் சோதனையில் சிறந்து விளங்கிய பூச்சு அங்கு விரைவில் பழுதடையக்கூடும். ஆகவே கார்பைடின் வகை, அளவு, பரவல் ஆகியவை உறுப்பு இயங்கும் சூழலுக்கு ஏற்பவே தெரிவு செய்யப்படுகின்றன.

இவற்றையும் பார்க்க

* கலப்புலோகம்
* உராய்வியல்
* டங்ஸ்டன் கார்பைடு