சீமாட்டி என்னும் முகத்திரை: டெபோரா கெரின் திரைவாழ்க்கை குறித்த ஒரு மறுபார்வை

கிளாஸ்கோவில் 1921இல் பிறந்து 2007இல் மறைந்த நடிகை டெபோரா கெரின் திரைவாழ்க்கை வழக்கமாக இரண்டு பாகங்களாகவே சொல்லப்படுகிறது. 1953 வரை அவர் அடக்கமும் பண்பும் மிக்க ஆங்கிலச் சீமாட்டி. அவ்வாண்டு வெளிவந்த ‘ஃப்ரம் ஹியர் டு இடர்னிட்டி’ படத்தின் கடற்கரை முத்தக்காட்சி அந்தப் பிம்பத்தை உடைத்து அவரைப் புதிய நடிகையாக்கியது. சொல்வதற்கு எளிதாக இருப்பதாலேயே நிலைத்துவிட்ட இந்த வரலாறு படங்களின் சான்றோடு பொருந்தவில்லை. சீமாட்டிப் பிம்பம் கெரின் தொடக்கம் அன்று. அது 1947க்குப் பின் ஹாலிவுட்டில் வார்க்கப்பட்டது. 1953இல் நிகழ்ந்ததைப் புதுப்பிறப்பு என்பதைவிட, பிரிட்டிஷ் படங்களில் அவர் ஏற்கெனவே அடைந்திருந்த இடத்துக்குத் திரும்பியது என்பதே பொருந்தும்.

பாலே நடனத்தில் பயிற்சி பெற்று நாடக மேடைக்கு வந்த கெருக்கு முதல் பெரிய வேடம் ஜான் பாக்ஸ்டர் இயக்கிய ‘லவ் ஆன் த டோல்’ (1941) படத்தில் கிடைத்தது. வால்டர் கிரீன்வுட்டின் நாவலைப் படமாக்கும் திட்டத்தை பிரிட்டிஷ் தணிக்கை வாரியம் 1936இல் ஏற்க மறுத்திருந்தது; போர்க்காலத்தில்தான் வழி திறந்தது. வேலையில்லாக் கொடுமையில் நசுங்கும் சால்ஃபோர்டு தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த சாலி, தந்தைக்கும் சகோதரனுக்கும் வேலை கிடைப்பதற்காகப் பணக்காரச் சூதாட்டத் தரகனிடம் தன்னை ஒப்படைக்கிறாள். இருபது வயதுகூட நிரம்பாத கெர் அவளைக் கண்ணீர்ப் பதுமையாக ஆக்கவில்லை. வெட்கப்பட மறுக்கும் கோபக்காரியாக நிறுத்தினார். மைக்கேல் பவலும் எமரிக் பிரஸ்பர்கரும் உருவாக்கிய ‘கர்னல் பிளிம்ப்’ (1943) படத்தில் மூன்று காலகட்டங்களைச் சேர்ந்த மூன்று பெண்களாக நடித்தார். ‘ஐ ஸீ எ டார்க் ஸ்ட்ரேஞ்சர்’ (1946) படத்தில் ஆங்கிலேயரை வெறுத்து ஜெர்மானிய உளவுக்குத் துணைபோகும் ஐரிஷ் பெண்ணாக வந்தார். இவர்களில் எவரையும் வரவேற்பறைச் சீமாட்டி என்று அழைக்க முடியாது.

இந்தக் கட்டத்தின் உச்சம் ‘பிளாக் நார்சிசஸ்’ (1947). ரூமர் கோடன் இமயமலை அடிவாரத்தில் அமைத்த கதையைப் பைன்வுட் அரங்கில் ஓவியப் பின்னணிகளைக் கொண்டே படமாக்கினார்கள். மடத்தின் தலைவி சகோதரி குளோடாவின் கண்டிப்புக்கு அடியில், அயர்லாந்தில் கைகூடாமல் போன காதலின் நினைவு ஓடிக்கொண்டேயிருக்கிறது. தலையையும் உடலையும் மூடிய துறவாடைக்குள் முகம் மட்டுமே வெளித்தெரியும் நிலையில், அந்த இரட்டை ஓட்டத்தை கெர் பார்வையாலும் குரலின் ஏற்ற இறக்கத்தாலும் தாங்கினார். நியூயார்க் திரை விமர்சகர்கள் அவ்வாண்டின் சிறந்த நடிகையாக அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் அமெரிக்காவில் கத்தோலிக்க ஒழுக்கக் கழகத்தின் எதிர்ப்பால், குளோடாவின் பழைய காதலைக் காட்டும் நினைவுக்காட்சிகள் வெட்டப்பட்டே படம் திரையிடப்பட்டது. கடந்தகாலம் பிடுங்கப்பட்ட கெரைத்தான் அமெரிக்கப் பார்வையாளர்கள் அப்போது கண்டார்கள். எம்.ஜி.எம். நிறுவனம் அடுத்து அவருக்குத் தந்த வேடங்களும் அந்த வெட்டைத் தொடர்ந்தவைபோலவே அமைந்தன: ‘த ஹக்ஸ்டர்ஸ்’ படத்தில் கண்ணியமான போர் விதவை, ‘க்வோ வாடிஸ்’ படத்தில் கிறித்தவக் கன்னி, ‘பிரிசனர் ஆஃப் ஜெண்டா’ படத்தில் இளவரசி. விதிவிலக்கு ‘எட்வர்ட், மை சன்’ (1949). குடிக்கு அடிமையாகிச் சிதையும் மனைவியாக நடித்து முதல் ஆஸ்கர் பரிந்துரையைப் பெற்ற அந்தப் படம், அதே நிறுவனத்துக்காக இங்கிலாந்தில் எடுக்கப்பட்டது என்பது தற்செயலாகத் தோன்றவில்லை.

இந்தப் பின்னணியில் 1953ஐப் பார்க்க வேண்டும். ‘ஃப்ரம் ஹியர் டு இடர்னிட்டி’ படத்தில் முதலில் ஜோன் கிராஃபோர்டுக்கு என்றிருந்த கேரன் ஹோம்ஸ் வேடம் கெரிடம் வந்தது. எல்லோரும் நினைவில் வைத்திருக்கும் அலைகளுக்கு நடுவிலான முத்தம் சில நொடிகளே நீடிக்கிறது. அதைத் தொடர்ந்து, கணவனின் குடியும் பொறுப்பின்மையும் தன் குழந்தையைப் பறித்த இரவை கேரன் விவரிக்கிறாள். நடிப்பின் கனம் அங்கேதான் இருக்கிறது. கசப்பை நிதானமான குரலில் அடக்கிச் சொல்லும் அந்த முறை சாலியிடமும் குளோடாவிடமும் நாம் கண்டதே. மாறியவை தலைமுடியின் நிறமும் உச்சரிப்பும்தான்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. பிம்பம் வெளியிலிருந்து திணிக்கப்பட்டது என்றால், விடுதலை பெற்ற பிறகும் அவர் ஏன் கன்னியாஸ்திரியாகவும் ஆசிரியையாகவும் நடித்தார்? ‘த கிங் அண்ட் ஐ’ (1956), ‘ஹெவன் நோஸ், மிஸ்டர் ஆலிசன்’ (1957), ‘த இன்னொசென்ட்ஸ்’ (1961) ஆகியவை சீமாட்டித்தனம் அவர் இயல்பென்று காட்டவில்லையா? பாத்திரத்தின் தொழிலை மட்டும் பார்த்தால் கேள்வி நியாயமானது. படம் அந்தத் தொழிலை எப்படிக் கையாள்கிறது என்று பார்த்தால் விடை மாறுகிறது. ‘த இன்னொசென்ட்ஸ்’ ஆசிரியையின் கட்டுப்பாடே படத்தின் அச்சத்துக்கு ஊற்று. பேய்கள் உண்மையா, அவள் அடக்கிவைத்த மனத்தின் தோற்றங்களா என்ற ஐயம் முழுவதும் கெரின் முகத்திலேயே நிற்கிறது. எம்.ஜி.எம். ஓர் அலங்காரமாக அணிவித்த கண்ணியத்தை அவர் இங்கே விசாரணைக்கு உட்படுத்துகிறார். ‘த சன்டவுனர்ஸ்’ (1960) இதற்கு மறுபக்கச் சான்று. ஆஸ்திரேலியப் புழுதியில் அலையும் மந்தையோட்டியின் மனைவி, ரயில் பெட்டிக்குள் முகப்பூச்சு பூசிக்கொள்ளும் சீமாட்டியை ஏக்கத்தோடு பார்க்கிறாள். தன்மீது சுமத்தப்பட்ட பிம்பத்தை அதன் வெளியே நின்று பார்க்கும் பெண்ணாக கெர் அங்கே நடித்தார்.

ஹாலிவுட் இல்லாமல் இந்தப் புகழே வந்திருக்காது என்ற வாதத்தையும் ஒதுக்க முடியாது. பிரம்மாண்டப் படங்கள் அவரை உலகறியச் செய்தன. பிற்கால வேடங்களுக்கான வாசலைத் திறந்ததில் அந்தப் புகழுக்கும் பங்குண்டு. ஆனால் அவை கொடுத்தது மேடை. கலை அதற்கு முன்பே முதிர்ந்திருந்தது. ஆறு முறை ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டும் ஒருமுறைகூட வெல்லாமல், 1994இல்தான் கௌரவ விருது பெற்றார். வென்றாரா இல்லையா என்ற கணக்கைவிட, பரிந்துரை பெற்ற வேடங்களின் வரிசையே அதிகம் சொல்கிறது: அதில் ‘க்வோ வாடிஸ்’ இல்லை, ‘ஜெண்டா’ இல்லை. கெரின் வரலாற்றை 1953இலிருந்து தொடங்குவோர் நிறுவனத்தின் விளம்பரத்தைச் சான்றாகக் கொள்கிறார்கள். படங்களைச் சான்றாகக் கொண்டால் அது 1941இல், சால்ஃபோர்டின் வறுமையில் தொடங்குகிறது.